வாசகர் கேள்விகள்: சீப்பில் கிடந்த முடியை லேபுக்கு அனுப்பலாமா?

போன இதழில் விஷமும் தடயவியலும் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, தலைமுடியில் போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பெயர்களைப் போடவில்லை, விஷயம் அப்படி.

என் மகன் கல்லூரி இரண்டாம் வருடம், வயது 19. மூன்று மாதமாக ஆளே மாறிவிட்டான், யாரோடும் பேசுவதில்லை, பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆன்லைனில் முடி டெஸ்ட் விளம்பரம் ஒன்று பார்த்தேன். அவனுக்குத் தெரியாமல் சீப்பிலிருந்து முடியை எடுத்து அனுப்பலாமா? — ஒரு தாய், கோவை

அனுப்பாதீர்கள் அம்மா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தச் சீப்பு முடியால் உங்களுக்குத் தெளிவு கிடைக்காது, குழப்பம்தான் கூடும்.

காரணம் சொல்கிறேன். சீப்பில் சிக்கும் முடி பெரும்பாலும் தானாக உதிர்ந்தது. உதிரும் முடி, விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வளர்ச்சியை நிறுத்திவிட்டிருக்கும், அதனால் நீங்கள் கவலைப்படும் இந்த மூன்று மாதக் கதை அதில் பதிவாகாமலே போயிருக்கலாம். முறையாக எடுக்கும்போது உச்சந்தலைக்குப் பின்பக்கம், தோலை ஒட்டி, ஒரு பென்சில் கனத்துக்கு, சுமார் 100 முடிகளைக் கத்தரித்து, எது வேர்ப்பக்கம் எது நுனி என்று அடையாளம் போட்டுத்தான் அனுப்புவார்கள். சீப்பில் சுருண்டு கிடக்கும் முடியில் அந்தத் திசையே போய்விடுகிறது, தவிர அதே சீப்பை வீட்டில் வேறு யார் தொட்டார்கள் என்பதும் தெரியாது.

இன்னொன்று, இதைத்தான் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். பொதுவாக விற்கப்படும் ஐந்து பொருள் டெஸ்ட்டில் கோகெய்ன், கஞ்சா, ஓபியம் வகை, ஆம்பிடமின் வகை, பிசிபி என்ற மாயத்தோற்றம் தரும் போதைப்பொருள், இவ்வளவுதான் தேடுவார்கள். நம் ஊர்ப் பக்கம் பையன்களிடம் இப்போது அதிகம் புழங்குவது வலி நிவாரணி மாத்திரைகள், குறிப்பாக டாபென்டடால். அதைத் தேடச் சொல்லித் தனியாகக் கேட்காவிட்டால் அது கண்ணில் படாது. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள், பையன் உள்ளே கரைந்துகொண்டிருப்பான். சரி, பாசிட்டிவ் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அவன் அடிமையாகிவிட்டானா, இரண்டு தடவை தொட்டுப் பார்த்தானா, இப்போது விட்டுவிட்டானா என்று அந்தத் தாள் சொல்லப்போவதில்லை. அவனிடம்தான் கேட்க வேண்டும். திருட்டுத்தனமாக முடி எடுத்தது தெரிந்த பிறகு அவன் உங்களிடம் வாய் திறப்பானா?

அதோடு அவன் விலகிப் போவதற்குப் போதை மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். மன அழுத்தம், அரியர், கடன், ஆன்லைன் சூதாட்டம், எதுவாகவும் இருக்கலாம். முதலில் உட்கார்ந்து பேசுங்கள், அப்பா கத்துவார் என்றால் அவர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். 14446 என்று மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது, பையன் வராவிட்டாலும் நீங்கள் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டாக்டர் டெஸ்ட் தேவை என்று நினைத்தால் பெரும்பாலும் சிறுநீரைத்தான் கேட்பார், அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே பல குடும்பங்கள் டாக்டரிடம் போவதில்லை. பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தால்கூட, தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கிறவருக்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

சாப்பிட்டதோ புகைத்ததோ முடிக்குள் எப்படிப் போகிறது? லேபில் என்ன செய்வார்கள்? — வேதியியல் மாணவி, திருச்சி

முடியின் வேரைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் மருந்தும், உடம்பில் அது உடைந்து உண்டாகும் சிதைபொருளும் அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் முடிச் செல்லுக்குள் புகுந்து, அது இறுகிக் கெரட்டினாகும்போது உள்ளே மாட்டிக்கொள்கின்றன. வியர்வை, தோலெண்ணெய் வழியாகவும் கொஞ்சம் சேரும். வெளியிலிருந்து புகை, தூசி, கைப்பட்ட அழுக்கு வழியாகவும் ஒட்டும், தலைவலியெல்லாம் இந்தக் கடைசி வழியால்தான்.

தலைமுடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அதனால் தோலிலிருந்து 3 செ.மீ. வெட்டினால் ஏறக்குறைய கடைசி மூன்று மாதம். ஆனால் வேரில் உருவான பகுதி தோலுக்கு மேலே தலைகாட்டவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஆகவே நேற்று எடுத்தது இதில் தெரியாது. நேற்றையதற்கு ரத்தம், உமிழ்நீர், சிறுநீர். பழைய மாதங்களுக்கு முடி.

லேபில் முதல் வேலை கழுவுவது. டைகுளோரோமீத்தேன், மெத்தனால் போன்ற கரைப்பான்களில் கழுவி வெளி அழுக்கை நீக்குவார்கள், நல்ல லேப் என்றால் கழுவிய நீரையும் தனியாகச் சோதிக்கும். அதில் நிறைய மருந்து இருந்தால் வெளியே ஒட்டியிருந்தது என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம் முடியை நறுக்கியோ பொடியாக்கியோ உள்ளே இருப்பதை வெளியே இழுப்பார்கள். அதற்குப் பிறகு இரண்டு கட்டம். முதலாவது எலைசா, எதிர்ப்புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, வைத்துச் சலிப்பது, விலை மலிவு, வேகமும் அதிகம், ஆனால் வடிவத்தில் ஒத்த வேறு பொருளையும் பிடித்துவிடும். இரண்டாவது நிறை நிறமாலை, அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, மூலக்கூறை எடைபோட்டு உடைத்து இது இன்னதுதான் என்று உறுதிசெய்வது. முதல் கட்டத்தோடு நிறுத்திவிட்டு ரிப்போர்ட் கொடுத்தால் அதற்குச் சந்தேகம் என்றுதான் பெயர், முடிவு என்று சொல்ல முடியாது. கீழே டொரன்டோ கேள்வியில் இதற்குக் கொடுத்த விலை என்ன என்று பார்ப்பீர்கள்.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் மனதில் வையுங்கள். 1995-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்கிய சர்வதேச முடிப் பரிசோதனைச் சங்கம் கோகெய்னுக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு மில்லிகிராம் முடியில் 0.5 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கஞ்சா உடம்புக்குள் போய்ச் சிதைந்தால்தான் உண்டாகும் டிஎச்சி-கார்பாக்சி அமிலத்துக்கு எல்லை 0.2 பிகோகிராம், பிகோகிராம் என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு! இந்த அளவில் வேலை செய்யும்போது லேப் ஊழியரின் ஒழுங்கு இயந்திரத்தின் விலையைவிட முக்கியமாகிவிடுகிறது.

முடியில் ஆர்சனிக் தேடுவது 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. போதைப்பொருளுக்கு இது வந்தது 1979-இல், அமெரிக்காவில் பாம்கார்ட்னர் என்பவரும் அவரது குழுவும் ஹெராயின் பயன்படுத்தியவர்களின் முடியில் மார்ஃபினைக் கண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து.

ட்ரக் ஓடுகிறேன். அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பித்தால் முடி டெஸ்ட்டும் வேண்டுமாம். கறுத்த முடிக்காரருக்கு அது கூடப் பிடிக்கும் என்று கூட ஓடுகிற பெடியள் கதைக்கினம். உண்மையா? நான் எதையும் தொடுவதில்லை. — ஸ்கார்பரோ வாசகர்

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் உங்களைப் பயப்படுத்தும் அளவுக்கு இல்லை.

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். கோகெய்ன், ஆம்பிடமின், கோடீன் போன்ற காரத்தன்மை உள்ள மருந்துகள் மெலனினோடு நன்றாகப் பிணையும். தன்னார்வலர்களுக்குக் கோடீன் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003-இல் வந்தது. பொன்னிற, செந்நிற முடியில் இருந்ததைவிடக் கறுப்பு முடியில் பல மடங்கு கோடீன் தங்கியிருந்தது. கஞ்சாவின் சிதைபொருள் அமிலம் என்பதால் அதில் இந்த நிற வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. ஆக, ஒரே அளவு எடுத்த இரண்டு பேரில் கறுத்த முடிக்காரர் எல்லையைத் தாண்டலாம், பொன்னிறக்காரர் தாண்டாமல் தப்பிக்கலாம். அநியாயம்தான். ஆனால் எடுக்காதவருக்கு, எடுக்கிற இடத்தில் புழங்காதவருக்கு, மெலனின் எதையும் புதிதாக உண்டாக்கிவிடாது.

இந்த அநியாயம் நீதிமன்றம் வரை போன இடம் பாஸ்டன். அந்த நகரப் போலீசில் 1999 முதல் வருடாவருடம் முடி டெஸ்ட் எடுத்தார்கள். கறுப்பினத்தவரிலும் 98 சதவீதத்துக்கு மேல், வெள்ளையரில் 99 சதவீதத்துக்கு மேல் நெகட்டிவ்தான். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் அந்த ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருந்தவர்கள் வேலை இழந்தார்கள், 'நாங்கள் தொட்டதே இல்லை' என்று 2005-இல் வழக்குப் போட்டார்கள். மாநில சிவில் சர்வீஸ் ஆணையம், முடி ரிப்போர்ட் ஒன்றை மட்டும் வைத்து வேலையை விட்டு நீக்கப் போதாது என்று சொல்லி 2013-இல் ஆறு பேரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வித்தியாசம் தற்செயல் இல்லை, புள்ளிவிவரப்படி நிஜமானது என்றது. நகர நிர்வாகம் 26 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது 2023-இல். இத்தனை வருடம் இழுத்தடித்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியது: அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கட்டாய டெஸ்ட் சிறுநீரில்தான், முடி என்பது கம்பனி தானாக வைத்துக்கொண்ட கூடுதல் விதி. மாதிரி கொடுக்கும்போது நீங்கள் பாவிக்கும் மருந்துகளின் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், பல் பிடுங்கியபோது கொடுத்த கோடீன் கலந்த மாத்திரை உட்பட. பாசிட்டிவ் என்றால் நிறமாலையில் உறுதிசெய்தார்களா, சிதைபொருளும் இருந்ததா, கழுவினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டப்படி சரி, ஆனால் எல்லை தாண்டி ட்ரக் ஓடுகிறவருக்கு அமெரிக்க விதியில் அது சரியே இல்லை. நீங்கள் தொடுவதில்லை என்கிறீர்கள், நல்லது, அதைத் தொடுகிற பெடியளுக்கு இதைச் சொல்லுங்கள்.

குருமாவில் கசகசா சேர்க்கிறோமே, முடியில் தெரியுமா? — குடும்பத் தலைவி, காரைக்குடி

சிறுநீரில் தெரியலாம், கசகசாவில் மார்ஃபின் கொஞ்சம் ஒட்டியிருக்கும். முடியில் எல்லையைத் தாண்டும் அளவுக்குச் சேர்வது அபூர்வம். ஹெராயினா சாப்பாடா என்று பிரிக்க ஆறு-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற சிதைபொருளைத் தேடுவார்கள், அது கசகசாவிலிருந்து வராது. உங்களுக்கு இதைவிட அவசரமான ஒரு விஷயம்: துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது கசகசாப் பொட்டலத்தை மசாலா சாமான்களோடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு இடத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

டொரன்டோவில் ஒரு மருத்துவமனை லேப் முடி டெஸ்ட் தவறாகச் செய்து தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்ததாக என் அக்கா சொன்னார். நம்பவே முடியவில்லை. — வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் அக்கா சொன்னது நடந்ததுதான். இந்த டெஸ்ட் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

லேபின் பெயர் மதரிஸ்க். டொரன்டோவின் புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனையான சிக்கிட்ஸுக்குள் இருந்தது. கர்ப்பிணிகளுக்கு எந்த மருந்து ஆபத்து என்று ஆலோசனை சொல்வதற்காக ஏற்பட்ட திட்டம் மதரிஸ்க், அதன் லேப் பின்னாளில் சிறுவர் பாதுகாப்பு அமைப்புகளுக்கு முடி டெஸ்ட் செய்து கொடுப்பதாக வளர்ந்தது. 2005-இலிருந்து 2015 வரை மட்டும் 16,000-க்கு மேற்பட்டவர்களிடமிருந்து 24,000-க்கு மேற்பட்ட முடி மாதிரிகள். நீதிமன்றத்துக்குப் போகும் ஆதாரத்தைக் கையாளும் தடயவியல் லேபுக்கு வேண்டிய தரமோ பயிற்சியோ அங்கே இல்லை. பல வருடங்கள் அவர்கள் எலைசா முடிவையே, நிறமாலையில் உறுதிசெய்யாமல், இவ்வளவு அளவு என்று எண் போட்டுக் கொடுத்தார்கள். சலிக்க மட்டுமே உதவும் ஒரு டெஸ்ட்டை இறுதித் தீர்ப்பாக விற்றார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

யார் தட்டிக்கேட்பது? பெரிய மருத்துவமனை, டாக்டர்கள், லெட்டர்ஹெட். எதிரே நிற்பது பெரும்பாலும் ஏழைத் தாய்கள், ஏற்கெனவே ஏதோ ஒரு சிக்கலில் இருந்தவர்கள், சரியான வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள். 'நான் விட்டுவிட்டேன்', 'நான் எடுக்கவே இல்லை' என்று சொன்னவரைப் பொய்யராக்க அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

உடைந்தது ஒரு கிரிமினல் வழக்கில். குழந்தைக்குக் கோகெய்ன் கொடுத்ததாக 2009-இல் தண்டிக்கப்பட்ட ஒரு தாயின் மேல்முறையீட்டில் வேறொரு நிபுணர் இந்த லேபின் முறையைக் கேள்வி கேட்டார். 2014 அக்டோபரில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோகெய்ன் குற்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அடுத்த வருடம் லேபின் டெஸ்ட்டுகள் நின்றன. ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் 2015 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, அந்தப் பத்து வருட டெஸ்ட்டுகள் சிறுவர் பாதுகாப்புக்கோ கிரிமினல் வழக்குக்கோ நம்பத் தகுந்தவை அல்ல என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. பிறகு நீதிபதி ஜூடித் பீமன் தலைமையில் கமிஷன், 1,271 வழக்குக் கோப்புகளைப் படித்து 2018 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு அந்த டெஸ்ட் பங்காற்றியிருந்தது 56 வழக்குகளில். கனடாவின் பூர்வகுடிக் குடும்பங்கள் அவர்களின் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்கு அதிகமாகச் சிக்கியிருந்தன.

அந்த 56-இல், கமிஷன் முடிகிற நேரத்தில் பிள்ளைகள் தாயிடம் திரும்பியது வெறும் 4 வழக்குகளில். மற்ற பிள்ளைகளில் பலர் தத்துக் கொடுக்கப்பட்டு, வேறு பெயர், வேறு வீடு என்று வருடங்கள் ஓடிவிட்டிருந்தன. லேப் தவறு செய்தது என்று நிரூபித்தாலும் தத்தை மாற்றச் சட்டத்தில் வழி குறுகலாகவே இருந்தது. இதைப் படிக்கும் வக்கீல்கள், சமூக நலத்துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் மன்றாடிக் கேட்கிறேன், ஒரு குழந்தையின் விஷயத்தில் முடி ரிப்போர்ட் வந்தால் கடைசிப் பக்கத்து எண்ணை மட்டும் பார்க்காமல், உறுதிப்படுத்தும் டெஸ்ட் நடந்ததா என்று முதல் கேள்வி கேளுங்கள்.

பக்கத்தில் ஒருவன் கஞ்சா பிடித்தால் என் முடியில் ஏறுமா? — ஹாஸ்டல் மாணவர், வேலூர்

புகை முடிமேல் ஒட்டும், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி வெளியில் இருக்கும். சிதைபொருள் இருந்தால்தான் உள்ளே போனது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தோம். 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்படுத்துகிறவரின் வியர்வை, கை வழியாக அதுவும் அடுத்தவர் முடிக்குத் தாவலாம் என்று காட்டினார்கள். கஞ்சா புழங்கும் வீட்டுக் குழந்தைகளின் முடியில் அது கிடைப்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அறையிலிருந்து மாறிக்கொள்ளுங்கள் தம்பி, முடிக்காக மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை குடிப்பாரா என்று முடியில் பார்க்கலாமா? — பெண்ணின் அப்பா, திருநெல்வேலி

முடியும் ஐயா. எத்தில் குளுக்குரோனைடு என்ற பொருளை வைத்துப் பார்க்கிறார்கள், ஒரு மில்லிகிராம் முடியில் 30 பிகோகிராம் தாண்டினால் தொடர்ந்து அளவுக்கு மீறிக் குடிக்கிறவர் என்று கொள்வார்கள். ஜெர்மனியில் குடித்து ஓட்டி லைசென்ஸ் பறிபோனவர் தான் குடியை விட்டதைக் காட்ட இந்த டெஸ்ட்டைக் கொடுக்கிறார். ஆனால் விசேஷத்துக்கு மட்டும் குடிப்பவரை இது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, முடியை பிளீச் செய்தாலும் அளவு இறங்கிவிடும். அவர் சம்மதமில்லாமல் எடுப்பது சரியுமில்லை. பெண்ணையும் பையனையும் நாலு தடவை மனம்விட்டுப் பேச விடுங்கள், அவர் வேலை செய்யும் இடத்திலும் நாலு பேரிடம் விசாரியுங்கள்.

பழனியில் மொட்டை போட்ட கையோடு வேலைக்கு டெஸ்ட் வைத்தால் சந்தேகப்படுவார்களா? ஷாம்பூ போட்டால் போய்விடுமா? — வாசகர், திண்டுக்கல்

மொட்டை என்றால் நெஞ்சு, கை, கால் முடியை எடுப்பார்கள். அதன் வளர்ச்சிச் சுழற்சி வேறு என்பதால் எந்த மாதம் என்று பிரிக்க முடியாது, ரொம்பப் பழையதும் தெரியலாம். நேர்த்திக்கடன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிறுநீர் டெஸ்ட் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சாதாரண ஷாம்பூவால் உள்ளே இருப்பது போகாது. பிளீச், ஸ்ட்ரெய்டனிங், சாயம் அளவைக் குறைக்கும், ஆனால் முழுக்க நீக்காது, அதற்கென்றே விலை வைத்து விற்கும் ஷாம்பூவில் காசைப் போடாதீர்கள்.

கைது செய்தவரிடம் போலீஸ் முடி எடுக்கலாமா? பெங்களூரு நடிகைகள் கேஸில் எடுத்தார்களே? — வழக்கறிஞர், மதுரை

எடுக்கலாம், ஆனால் போலீஸ் நினைத்தபடி எடுத்துவிட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 53-ஆம் பிரிவில் 2005 திருத்தம் முடி மாதிரியையும் மருத்துவப் பரிசோதனைக்குள் சேர்த்தது. 2024 ஜூலை முதல் அதுவே புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவு. பதிவுபெற்ற மருத்துவர்தான் எடுக்க வேண்டும், பெண் என்றால் பெண் மருத்துவரோ அவரது மேற்பார்வையோ வேண்டும். நீங்கள் சொல்லும் 2020 கன்னடத் திரையுலகப் போதைப்பொருள் வழக்கில் முடி மாதிரிகள் ஹைதராபாத் மத்திய தடயவியல் ஆய்வகத்துக்குப் போயின. இந்தியாவில் இந்த டெஸ்ட்டைப் பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

உங்கள் கட்சிக்காரருக்காக நீங்கள் பிடிக்க வேண்டிய நுனி இது: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தண்டிப்பது பயன்படுத்தியதை. முடி அதிகபட்சம் சொல்வது ஏறக்குறைய எந்த மாதங்களில் என்று, எந்த நாள், எந்த ஊர், எந்த விருந்து என்று சொல்லாது. குற்றப்பத்திரிகை ஒரு குறிப்பிட்ட இரவைச் சொல்லி, ஆதாரமாக முடியை மட்டும் வைத்தால் அந்த இடைவெளியைக் காட்டுங்கள். எத்தனை செ.மீ. வெட்டினார்கள், வேர்ப்பக்கம் குறித்தார்களா, உறையில் யார் முத்திரை, லேபின் எல்லை அளவு என்ன, கழுவிய நீரின் முடிவு எங்கே என்று ஆய்வாளரைக் குறுக்கு விசாரணையில் கேளுங்கள். முழு ஆய்வுத் தரவையும் கேட்டு மனுப் போடுங்கள், ஒரு பக்க ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.